ஒரு பெருநகர மேயர் எதை முதலில் செய்ய வேண்டும்? பொகோட்டாவை முன்வைத்து ஒரு விவாதம்

நகர்நோக்கி:

ஒரு பெருநகர மேயரின் பொதுவாழ்வை எதைக்கொண்டு எடைபோடுவது என்ற கேள்வி சில வாரங்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாக்குக் கேட்கும்போது சொன்னதைக் கொண்டா, பதவியில் இருந்தபோது கட்டியதைக் கொண்டா, இறங்கிப்போன பிறகும் நிலைத்திருப்பதைக் கொண்டா? பொதுவாகப் பேசத் தொடங்கினால் மூன்றும் வேண்டும் என்று சொல்லி எல்லோரும் கலைந்துவிடுவோம். ஆகவே ஒரே ஒரு நகரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அது கொலம்பியாவின் தலைநகரமான பொகோட்டா.

அந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1988 முதல் அங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை ஒருவர் மேயராக இருக்க முடியாது. 1995 முதல் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளாக இருந்தது, 2004 முதல் நான்கு ஆண்டுகள் ஆனது. அதாவது தேர்தலில் வென்றவர் நாற்காலியில் அமரும்போதே கடிகாரம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கிவிடுகிறது. போதாததற்கு, 1991-ஆம் ஆண்டு அரசியலமைப்பு வேட்பாளர்களை அவர்களுடைய செயல்திட்டத்தோடு கட்டிப்போடுகிறது. தேர்தலுக்கு முன்பே அதை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், வென்ற பிறகு அதை நடைமுறைப்படுத்தாவிட்டால் மேயரைத் திரும்பப் பெறும் வாக்கெடுப்பைக் கோர வாக்காளர்களுக்கு உரிமை உண்டு. முன்னுரிமை என்ற சொல்லுக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்த நகரங்கள் அதிகம் இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1995-இல் மேயரான அந்தானாஸ் மோக்கஸ்தான் இந்த வரிசையில் பெரியவர் என்பது என் எண்ணம். கணிதமும் தத்துவமும் படித்தவர், லித்துவேனியாவிலிருந்து குடியேறியவர்களின் மகன், தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1993-இல் கூச்சலிட்டுக்கொண்டிருந்த மாணவர் கூட்டத்தின் முன் ஆடையை இறக்கிப் பின்புறத்தைக் காட்டியதால் அந்தப் பதவியை இழந்தார். அடுத்த ஆண்டே, பெரிய கட்சி எதுவும் பின்னால் நிற்காமல், மேயர் தேர்தலில் வென்றார். மனிதனை நெறிப்படுத்துபவை சட்டம், மனச்சாட்சி, பண்பாடு ஆகிய மூன்று என்றும், தம் நகரத்தில் இவை ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன என்றும் அவர் கருதினார். அவற்றை ஒன்றையொன்று பார்க்க வைப்பதுதான் மேயரின் முதல் வேலை என்று கொண்டு, அதற்குக் குடிமைப் பண்பாடு என்று பெயரிட்டார். லஞ்சத்துக்குப் பெயர்போன போக்குவரத்துக் காவல் பிரிவைக் கலைத்துவிட்டு, சாலைச் சந்திப்புகளில் பேசாமல் உடலசைவாலேயே நடிக்கும் மைம் கலைஞர்களை நிறுத்தினார். விதியை மீறுபவரை அவர்கள் அடிக்கவில்லை, அபராதம் போடவில்லை, அவர் செய்வதைப் போலவே செய்து காட்டினார்கள். ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பாராட்டவும் கண்டிக்கவும் கட்டைவிரல் படம் போட்ட 3,50,000 அட்டைகள் வழங்கப்பட்டன. கேட்பதற்குக் கோமாளிக் கூத்துப் போல இருக்கும். ஆனால் மேயராக இருப்பவர் கையில் பணம் குறைவாகவும் பேசுவதற்கு மேடை பெரிதாகவும் இருக்கும்போது, மேடையைப் பயன்படுத்தத் தெரிந்தவரே நிர்வாகி என்று நான் நினைக்கிறேன். மற்றவர்கள் சொல்லலாம்.

பாதசாரி:

மோக்கஸைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் மைம் கலைஞர்களில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நீங்களும் அதையே செய்திருக்கிறீர்கள் என்று குறைப்பட்டுக்கொள்ள அனுமதியுங்கள்.

காலையில் வேலைக்குப் போகும் மனிதனுக்கு மேயர் செய்து தர வேண்டியது என்ன? நடப்பதற்கு ஒரு நடைபாதை, நேரத்துக்கு வரும் ஒரு பேருந்து, வேலை முடிந்த பிறகு பிள்ளையோடு போய் உட்கார ஒரு பூங்கா அல்லது நூலகம். இதை முதலிடத்தில் வைத்தவர் 1998-இல் பதவியேற்ற என்ரிக்கே பென்யலோசா. அவர் வருவதற்கு முன், நகரத்தின் நெரிசலைத் தீர்க்க உயர்மட்ட விரைவுச் சாலைகளைக் கட்டச் சொல்லி ஜப்பானியக் கூட்டுறவு முகமையின் ஆய்வு ஒன்று பரிந்துரைத்திருந்தது. அவர் அதை ஏற்கவில்லை. கார் வைத்திருப்பவர்கள் சிறுபான்மையினராக இருக்கும் ஊரில் பொதுப்பணத்தை அவர்களுக்காகக் கொட்டுவது நியாயமில்லை என்பது அவர் வாதம். அந்தப் பணத்தையும் இடத்தையும் பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் நடப்பவர்களுக்கும் திருப்பினார். தனித்தடத்தில் ஓடும் டிரான்ஸ்மிலேனியோ பேருந்துகள் 2000 டிசம்பரில், அதாவது அவர் பதவிக்காலம் முடிவதற்குச் சில நாட்களே இருக்கும்போது, ஓடத் தொடங்கின. மிதிவண்டிப் பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்தன. எல் துனால், எல் தின்தால், விர்ஹீலியோ பார்கோ என்ற மூன்று பெரிய நூலகங்கள் எழுந்தன. முதல் இரண்டும் எளியவர்கள் வாழும் தெற்கிலும் தென்மேற்கிலும் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலையும் சிறியதல்ல. நடைபாதைகளில் கார்களை நிறுத்தும் வழக்கத்தை ஒழிக்க ஓரங்களில் குட்டைத் தூண்களை நட்டபோது கடைக்காரர்களும் கார்காரர்களும் கொதித்தெழுந்தார்கள். அவரைத் திரும்பப் பெறுவதற்குக் கையெழுத்து வேட்டையே நடந்தது. அட்டையில் கட்டைவிரலைக் காட்டியதற்காக எந்த மேயரும் பதவியை இழக்கும் நிலைக்குப் போக மாட்டார். முன்னுரிமை என்பது யாரையாவது கோபப்படுத்தியே தீரும் என்று நான் நம்புகிறேன்.

எண்ணெழுத்து:

இருவரும் தத்தம் நாயகரை அறிமுகப்படுத்திவிட்டீர்கள். இனி அவர்களுடைய பெயரில் எழுதப்பட்டிருக்கும் வரவுகளைச் சற்றே சரிபார்க்கலாம்.

பொகோட்டாவைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வரும் எண் கொலை விகிதம். 1993-இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 80 கொலைகள் நடந்தன, 2003-இல் அது 23 அளவுக்கு இறங்கியது. மோக்கஸின் அன்பர்கள் இதை அவருடைய சாதனையாகவே சொல்வார்கள். ஆனால் சரிவு அவர் மேயராவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பண்பாட்டைப் பற்றி அதிகம் பேசாத பென்யலோசாவின் காலத்திலும் அது நிற்காமல் தொடர்ந்தது. இந்தப் பத்தாண்டில் காவல் துறைக்கு நகரம் கொடுத்த நிதி கூடியது, கொலம்பியாவின் போதைப்பொருள் கும்பல்களின் வரைபடம் மாறியது, இரவு ஒரு மணிக்கு மதுக்கூடங்களை மூடும் ஆணை வந்தது, ஆயுதங்களை ஒப்படைக்கும் இயக்கங்கள் நடந்தன. இவற்றுள் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்வது ஆய்வாளர்களுக்கே எளிதாக இருக்கவில்லை.

அதற்காக மேயருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கொலம்பியாவில் காவல் துறை தேசிய அமைப்பு. இருந்தபோதிலும் நகர எல்லைக்குள் காவல் விவகாரங்களில் முதல் அதிகாரம் மேயருக்கே என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதுவரை பெரும்பாலான மேயர்கள் அந்த வாசகத்தை அலங்காரமாகவே வைத்திருந்தார்கள். மோக்கஸ் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டு, கொலை எங்கே, எந்த நேரத்தில், எதனால் நடக்கிறது என்ற கணக்கைத் தம் மேசைக்கு வரவழைத்தார். மதுக்கூடங்களுக்கான ஆணை அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். மைம் கலைஞர்களைவிட அந்தக் கணக்குப் புத்தகம் முக்கியமானது என்பது என் கருத்து. புகைப்படத்துக்கு ஏற்றது அல்ல என்பதால் அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

வரிக்குதிரை:

நான் இந்தத் தளத்தில் எதை எழுதினாலும் கடைசியில் வரியில் வந்து நிற்பேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். பெயரே அப்படி அமைந்துவிட்டது, என்ன செய்வது.

நீங்கள் மூவரும் 1995-இல் தொடங்குகிறீர்கள். நான் 1992-இல் தொடங்கச் சொல்கிறேன். அந்த ஆண்டு மேயராக வந்த ஹைமே காஸ்த்ரோவின் பெயரைக் கொலம்பியாவுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பொறுப்பேற்றபோது நகரத்தின் கஜானா காய்ந்து கிடந்தது. மாமன்ற உறுப்பினர்கள் மின்சாரம், குடிநீர் போன்ற நகர நிறுவனங்களின் ஆட்சிக்குழுக்களில் அமர்ந்திருந்தார்கள். எந்தத் தெருவுக்கு எந்த வேலை, எந்த வேலைக்கு எந்த ஆள் என்பதை அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். மேயர் எதைச் செய்ய விரும்பினாலும் முதலில் அவர்களுக்குப் படியளக்க வேண்டியிருந்தது.

1993 ஜூலையில் 1421-ஆம் எண் ஆணையாக வந்த பொகோட்டாவின் அடிப்படைச் சட்டம் இதை அடியோடு மாற்றியது. அது மாமன்ற உறுப்பினர்களை ஆட்சிக்குழுக்களிலிருந்து வெளியேற்றியது. நிர்வாகம் மேயருடையது, விதி வகுப்பதும் கண்காணிப்பதும் மாமன்றத்துடையது என்று நடுவில் கோடு கிழித்தது. அதைவிடப் பெரிய மாற்றம் சொத்துவரியில் நிகழ்ந்தது. அதுவரை அலுவலகம் மதிப்பிட்டு அனுப்பும் சீட்டுக்காக வீட்டுக்காரர் காத்திருந்தார். இனி அவரே தம் சொத்தின் மதிப்பைக் கணக்கிட்டு, அறிவித்து, வங்கியில் கட்ட வேண்டும் என்று ஆனது. பதிவேடுகளில் பழைய காலத்து மதிப்போடு உறங்கிக்கொண்டிருந்த வீடுகள் விழித்துக்கொண்டன, வசூல் பெருகியது.

மக்களின் மடியில் கைவைத்த மனிதரை யார் விரும்புவார்கள்? பாலமோ பூங்காவோ தம் பெயரைச் சொல்ல இல்லாமல், வசவுகளை வாங்கிக்கொண்டு அவர் இறங்கிப் போனார். அடுத்து வந்த மோக்கஸ் கட்சிக்காரர்களுக்குப் பதவிகளைப் பங்கிடாமல் நேர்மையாக ஆட்சி நடத்த முடிந்தது என்றால், அதற்கு அவருடைய குணம் பாதிக் காரணம், காஸ்த்ரோவின் சட்டம் மீதிக் காரணம். பென்யலோசாவின் நூலகங்களுக்கும் பாதைகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று பாதசாரி சொல்லவில்லை. காஸ்த்ரோ பெருக்கிய வரி ஒரு பக்கம். 1997-இல் நகரத்தின் மின்சார நிறுவனத்துக்குள் தனியார் முதலீட்டைக் கொண்டுவந்ததால் கிடைத்த பெருந்தொகை மறுபக்கம். அது மோக்கஸின் நிர்வாகம் செய்த வேலை. பெட்ரோல் மீது விதித்த மேல்வரியின் ஒரு பகுதி டிரான்ஸ்மிலேனியோவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒருவர் உழுதார், ஒருவர் நீர் பாய்ச்சினார், அறுவடையின்போது வயலில் நின்றவரைத்தான் படம் எடுத்தார்கள்.

ஆகவே நகர்நோக்கியின் கேள்விக்கு என் பதில்: கஜானா நிரம்பாத நகரத்தில் மேயரின் முதல் முன்னுரிமை கஜானாதான். அது அவருக்குப் பயன்படாது, அடுத்தவருக்குத்தான் பயன்படும். அதைத் தெரிந்துகொண்டே செய்பவரை நான் மதிக்கிறேன்.

பாதசாரி:

காஸ்த்ரோவைக் கொண்டுவந்ததற்கு நன்றி. அவரைப் பற்றி மேலோட்டமாக மட்டுமே அறிந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஐயம். பெட்டி நிரம்பினால் அது தானாக நூலகமாகிவிடுவதில்லை. அதே அளவு பணம் கிடைத்த வேறு ஒருவர் உயர்மட்டச் சாலைகளைக் கட்டியிருந்தால் இன்று நாம் பொகோட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க மாட்டோம்.

செந்தாழை:

இதுவரை படித்ததில் எனக்கு ஒரு நெருடல். மேயரின் முன்னுரிமை என்று பேசும்போது, எந்த வாசலில் நின்று பார்க்கிறோம் என்பதை யாரும் சொல்லவில்லை. நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த நகரத்தின் தெற்கு மலைச்சரிவுகளில், உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி ஓடிவந்து தகரக் கூரையின் கீழ் குடியேறிய ஒரு தாய்க்கு முதல் கேள்வி இன்று அடுப்பில் என்ன வைப்பது என்பதாகத்தான் இருக்கும்.

அந்தக் கேள்வியை முதலிடத்தில் வைத்தவர் 2004-இல் மேயரான லூயிஸ் எடுவர்தோ கர்சோன். வறுமையில் பிறந்து, தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்து, அந்தப் பதவிக்கு வந்த முதல் இடதுசாரி அவர். பசியில்லாத பொகோட்டா என்ற பெயரில் அவர் தொடங்கிய திட்டத்தில் ஏழைக் குடியிருப்புகளில் சமுதாய உணவுக்கூடங்கள் திறக்கப்பட்டன, அதே பகுதிகளில் பெரிய பள்ளிக்கட்டடங்களும் எழுந்தன. உலக நகரங்களின் மாநாடுகளில் இவருடைய பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. தட்டில் விழும் சோற்றுக்கு விருது கொடுக்கும் வழக்கம் அந்த மாநாடுகளில் இல்லை போலும்.

மோக்கஸின் பக்கமும் ஒரு சொல். தம் இரண்டாவது பதவிக்காலத்தில், 2001 மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆண்கள் வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், பெண்கள் வெளியே வரட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஏறத்தாழ ஏழு லட்சம் பெண்கள் தெருவுக்கு வந்ததாகக் கணக்கு. ஓர் இரவில் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. இருட்டிய பிறகு யாரும் பின்தொடரவில்லை என்ற நிச்சயத்தோடு ஒரு தெருவில் நடப்பது எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை அறிந்துகொண்டவள், மறுநாள் நகரத்திடம் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும் என்று மட்டும் சொல்வேன்.

நகர்நோக்கி:

செந்தாழையின் நெருடல் நியாயமானது. என் முதல் பதிவில் அந்த வாசலை நான் பார்க்கவே இல்லை.

வரிக்குதிரைக்கு ஒரு பதில். வரியையும் பண்பாட்டையும் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. 2002-இல் மோக்கஸ் மக்களிடம், விருப்பமுள்ளவர்கள் தங்கள் வரியோடு பத்து விழுக்காடு கூடுதலாகக் கட்டுங்கள் என்று கேட்டார். ஏறத்தாழ 63,000 பேர் கட்டினார்கள். தொகை பெரிதில்லை என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். பத்தாண்டுகளுக்கு முன் கட்டாய வரியையே கட்ட மறுத்த ஊரில், கேட்டதற்காகக் கூடுதலாகக் கொடுக்க அத்தனை பேர் முன்வந்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். காஸ்த்ரோ வரிச்சட்டத்தை எழுதினார், வரி கட்டுவது ஏமாளித்தனம் அல்ல என்ற எண்ணத்தை மோக்கஸ் வளர்த்தார். இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது நெடுநாள் நிற்காது.

எண்ணெழுத்து:

நகர்நோக்கியின் முதல் கேள்வியில் பொதுவாழ்வும் இருக்கிறது, ஆகவே சங்கடமான பகுதிக்கும் வருவோம். மோக்கஸ் தம் முதல் பதவிக்காலத்தை முடிக்கவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காக 1997-இல் இடையிலேயே விலகினார். மூன்றே ஆண்டுகள் கொண்ட பதவியில் கடைசிச் சில மாதங்களை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனவர், ஒப்பந்தத்தையும் வாக்குறுதியையும் மதிக்கும் பண்பாட்டைப் பற்றிப் பாடம் நடத்தினார் என்பதை என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை. 1998 தேர்தலில் அவர் துணைத் தலைவர் வேட்பாளராகத்தான் நிற்க நேர்ந்தது, அதிலும் தோற்றார். அடுத்த மேயர் தேர்தலுக்கு வந்தபோது விட்டுச் சென்றதற்காக நகரத்திடம் மன்னிப்புக் கேட்டார், மக்கள் மன்னித்து மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இது ஒருவருடைய குறை மட்டும் அல்ல. பொகோட்டாவின் மேயர் நாற்காலி நாட்டின் இரண்டாவது முக்கியமான பதவி என்று அங்கே சொல்வார்கள். அங்கே அமர்ந்தவர்களின் கண் முதலாவது பதவியின் மீது இருப்பது இயல்பு. மக்கள் தேர்ந்தெடுத்த முதல் மேயரான அந்திரெஸ் பஸ்த்ரானா 1998-இல் குடியரசுத் தலைவரானார். 2012-இல் மேயரான குஸ்தாவோ பெத்ரோ 2022-இல் ஆனார். பென்யலோசா 2014-இல் முயன்று தோற்றார். மோக்கஸ் 2010-இல் இரண்டாம் சுற்று வரை போய் ஹுவான் மனுவேல் சாந்தோஸிடம் தோற்றார். மறுதேர்தலில் நிற்கத் தடை இருப்பதால் மேயர் தம் வாக்காளர்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை, நாட்டின் கவனத்தை ஈர்த்தால் போதும் என்ற விபரீதமும் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்குள் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைக் காட்ட வேண்டும். சாக்கடைக் குழாயைக் காட்ட முடியாது.

பாதசாரி:

அவசரத்தைப் பற்றிச் சொல்வதானால் என் நாயகரின் கணக்கிலும் ஒரு கரும்புள்ளி உண்டு, அதை நானே சொல்லிவிடுவது நல்லது. டிரான்ஸ்மிலேனியோவின் வடக்கு நெடுஞ்சாலைத் தடத்தில் பதித்த கான்கிரீட் பலகங்கள் சில ஆண்டுகளிலேயே வெடிக்கத் தொடங்கின. அடியில் இட்ட நிரப்புப் பொருள் நீரைத் தாங்கவில்லை. பல ஆண்டுகள் பலகங்களைப் பெயர்த்து மாற்ற வேண்டியிருந்தது, நகரத்துக்கு அது பெருஞ்செலவு. பதவிக்காலம் முடிவதற்குள் பேருந்து ஓடியாக வேண்டும் என்ற துடிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இருந்தாலும், அடுத்து வந்த மோக்கஸ் டிரான்ஸ்மிலேனியோவை நிறுத்தவில்லை. 1994 தேர்தலில் தம்மை எதிர்த்து நின்றவரின் திட்டத்தைக் கையிலெடுத்து இரண்டாம் கட்டத்தைத் தொடங்கினார். கர்சோன் அதைத் தொடர்ந்தார். என்னைக் கேட்டால் பொகோட்டாவின் நல்ல காலம் என்பது 1992 முதல் ஏறத்தாழ 2007 வரை. அந்தக் காலத்தில் ஒருவர் கட்டியதை அடுத்தவர் இடிக்கவில்லை என்பதே அதன் இரகசியம்.

வரிக்குதிரை:

பிறகு அது அறுந்தது. 2007 தேர்தலில் பென்யலோசாவைத் தோற்கடித்து வந்த சாமுவேல் மொரேனோ மெட்ரோ ரயிலை வாக்குறுதியாகக் கொடுத்தார். மெட்ரோ வரவில்லை. சாலைப்பணி ஒப்பந்தங்களில் நடந்த ஊழல் வெளிவந்து, 2011-இல் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டு, கைதாகி, பின்னர் தண்டனையும் பெற்றார். ஒப்பந்தங்கள் கைமாறிக்கொண்டே சுற்றியதால் அந்த ஊழலுக்கு ராட்டினம் என்று பெயர் வைத்தார்கள். தோண்டிப்போட்ட சாலைகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தன.

பெத்ரோவின் கதை வேறு வகை. குப்பை அள்ளும் பணியைத் தனியார் நிறுவனங்களிடமிருந்து நகர நிறுவனத்துக்கு மாற்ற நினைத்தார். அதுவரை ஒப்பந்தங்களுக்கு வெளியே நின்ற குப்பை பொறுக்கும் தொழிலாளர்களுக்கு அதில் இடம் கொடுக்க வேண்டும் என்ற நோக்கம் சரியானது, நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் 2012 டிசம்பரில் மாற்றம் நடந்த நாட்களில் போதிய வண்டிகள் இல்லை, நகரம் குப்பையில் மூழ்கியது. ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை. அந்தக் குற்றச்சாட்டின்மேல், அரசுப் பதவியில் இருப்பவர்களின் நடத்தையை விசாரிக்கும் தேசியக் கண்காணிப்பாளர் 2013-இல் அவரைப் பதவிநீக்கம் செய்து பதினைந்து ஆண்டுகள் பொதுப்பதவி வகிக்கத் தடையும் விதித்தார். 2014 மார்ச்சில் வெளியேறியவர் நீதிமன்ற ஆணையால் அடுத்த மாதமே திரும்பி வந்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவரை ஓர் அலுவலர் நீக்கியது அவருடைய அரசியல் உரிமைகளை மீறிய செயல் என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

எண்ணெழுத்து மேயரின் விபரீதங்களைச் சொன்னார். மேயரைச் சுற்றியிருக்கும் விபரீதங்களும் உண்டு என்பதற்காக இதைச் சேர்த்தேன்.

செந்தாழை:

ஒரு திருத்தம். பெத்ரோவின் அந்த முடிவில் குப்பை பொறுக்குவோருக்கு எடைக்கு ஏற்ப ஊதியம் கொடுக்கும் ஏற்பாடும் தொடங்கியது. மூன்று நாள் நாற்றத்தைப் பற்றி எழுதியவர்களில் பாதிப் பேர்கூட இதைப் பற்றி எழுதவில்லை.

வரிக்குதிரை:

ஏற்றுக்கொள்கிறேன்.

பாதசாரி:

மெட்ரோ என்ற சொல் வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுவோம், ஏனென்றால் முன்னுரிமைகள் அறுந்துபோவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. பெத்ரோ மேயராக இருந்தபோது தரைக்கடியில் செல்லும் மெட்ரோவுக்கு வடிவமைப்பைத் தயாரிக்கச் செய்தார். 2016-இல் மீண்டும் மேயரான பென்யலோசா அதை ஒதுக்கிவிட்டு, தூண்கள்மீது செல்லும் மெட்ரோவை முன்வைத்து, தம் பதவிக்காலம் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது சீன நிறுவனங்களின் கூட்டமைப்போடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 2020-இல் வந்த கிளாவுதியா லோபஸ், அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண், தமக்கு முன்னவரோடு பல விஷயங்களில் மோதியவர். அவர் அந்த ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை, வேலையைத் தொடங்கினார். அதற்குள் பெத்ரோ குடியரசுத் தலைவராகிவிட்டார். அங்கிருந்து ஒரு பகுதியையாவது தரைக்கடியில் கொண்டுபோகச் சொல்லி வற்புறுத்தினார்.

பென்யலோசா 1998-இல் மெட்ரோவைவிடப் பேருந்தே மேல் என்று சொன்னபோது நான் அவர் பக்கம் நின்றேன், இன்றும் நிற்கிறேன். ஆனால் 2012-இல் நெரிசல் தாங்காமல் மக்கள் டிரான்ஸ்மிலேனியோ நிலையங்களையே அடித்து நொறுக்கியதை மறந்துவிட்டுப் பேச முடியாது. பேருந்து போதுமா என்று கேட்டால், அப்போது போதும், இப்போது போதாது என்பதே என் பதில். லோபஸ் தொடர்ந்ததை நான் பென்யலோசாவின் வெற்றியாகச் சொல்ல மாட்டேன். அதை லோபஸின் முன்னுரிமையாகவே எழுத வேண்டும்.

எண்ணெழுத்து:

இதில் நான் பாதசாரியோடு முழுமையாக உடன்படுகிறேன். இந்த இழையில் இது முதல்முறை என்று நினைக்கிறேன்.

நகர்நோக்கி:

தொடங்கியவன் என்ற முறையில், இவ்வளவையும் படித்த பிறகு என் நிலைப்பாடு எங்கே நகர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். மோக்கஸ்தான் இவர்களில் பெரியவர் என்று எழுதியிருந்தேன். இப்போது அதை எழுதினால் காஸ்த்ரோவின் பெயரை முதலில் எழுதுவேன். மோக்கஸின்மேல் எனக்கு உள்ள மதிப்பு குறையவில்லை, அவர் செய்ததில் எது நகரத்தில் தங்கியது என்பதில்தான் ஐயம் வந்திருக்கிறது.

அந்த ஐயத்துக்குக் காரணம் தண்ணீர். 1997-இல் நகரத்துக்கு நீர் கொண்டுவரும் சிங்காசா சுரங்கவழியின் ஒரு பகுதி இடிந்தபோது, மோக்கஸ் தொலைக்காட்சியில் குளித்துக் காட்டினார். சோப்புப் போடும்போது குழாயை மூடினார், நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்றார். இரண்டே மாதங்களில் நீர்ப் பயன்பாடு 14 விழுக்காடு குறைந்தது, பிறகும் குறைந்துகொண்டே போனது. 2024 ஏப்ரலில், மழை பொய்த்து அதே சிங்காசா நீர்த்தேக்கங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியபோது, மேயராக இருந்தவர் கார்லோஸ் ஃபெர்னாந்தோ கலான். அவர் நகரத்தை ஒன்பது மண்டலங்களாகப் பிரித்து, முறைவைத்து 24 மணி நேரம் குழாய்களை மூடினார். ஏறத்தாழ ஓராண்டு, 2025 ஏப்ரல் வரை, அந்த முறை நீடித்தது.

கலானைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நகரம் வளர்ந்திருக்கிறது, வறட்சி கடுமையாக இருந்தது, சேமிக்கச் சொல்லி அவரும் கேட்டார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, எண்ணெழுத்திடம் இருக்கலாம்: 1997-இல் குளியலறையில் குழாயை மூடக் கற்றுக்கொண்ட அந்தக் குடும்பங்கள் 2024-இல் வீட்டுக்கு எத்தனை லிட்டர் செலவழித்துக்கொண்டிருந்தன? நகரத்தின் குடிநீர் நிறுவனத்திடம் அந்தப் பட்டியல்கள் இருக்க வேண்டும்.

எண்ணெழுத்து:

தேடிப் பார்க்கிறேன். வீட்டு எண்ணிக்கையும் குடும்ப அளவும் மாறியிருப்பதால் தலைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால்தான் ஒப்பிட முடியும். இதே இழையில் பதிவிடுகிறேன்.